தொப்பியோடு பேசுகிற சோபியைப் படத்தில் காணோம்

"பெரியம்மா, ஒரு பொண்ணு பாட்டியா மாறிப்போற படம் ஒண்ணு கீது, நீ பார்த்தே ஆவணும்" என்று தங்கை மகள் சொன்னபோது எனக்கு முதலில் வந்தது சிரிப்புதான். கத்திரி வெயில் நடுவில், வேலூரில், மின்விசிறி சுடுகாற்றை அள்ளி அள்ளி முகத்தில் கொட்டுகிற மத்தியானத்தில், பாட்டியாவதைப் படம் போட்டு வேறு பார்க்க வேண்டுமா? ஆனால் குடியாத்தத்திலிருந்து லீவுக்கு வந்த பெண், பிளஸ் டூ முடித்துவிட்டுக் காலேஜ் திறக்கக் காத்திருக்கிறாள், அவள் கேட்டால் மறுக்க மனசு வரவில்லை. சத்துவாச்சாரி வீட்டு ஹாலில் ஜன்னலுக்கெல்லாம் ஈரத்துண்டு கட்டிவிட்டு, நெட்பிளிக்ஸில் 'ஹௌல்ஸ் மூவிங் காஸில்' போட்டோம். 2004ல் வந்த ஜப்பான் படம், ஜிப்ளி ஸ்டுடியோ, இயக்கம் ஹயாவோ மியாசாகி, ஒரு நிமிடம் குறைவாக இரண்டு மணி நேரம். பாதியில் ஒரு தடவை கரண்ட் போய் வந்தது, அதைச் சேர்த்தால் மூன்று.

படம் பிடித்திருந்தது, ரொம்பவே. அதனால்தான் அது எந்த நாவலிலிருந்து வந்தது என்று தேடிப் போனேன். 1986ல் டயானா வின் ஜோன்ஸ் என்ற இங்கிலாந்து எழுத்தாளர் சிறுவர்களுக்காக எழுதியது, அதே பெயர். நாவலைப் படித்து முடித்து மறுபடி படத்தைப் பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது. அந்தக் கோபத்தைத்தான் இங்கே எழுதப் போகிறேன், கதை முழுக்க வெளியே வந்துவிடும், முதலில் பார்த்துவிட்டு வருகிறேன் என்பவர்கள் போய்விட்டு வாருங்கள்.

கதையின் முதல் கால்வாசி இரண்டிலும் ஒன்றுதான். சோபி என்ற பதினெட்டு வயதுப் பெண், செத்துப்போன அப்பாவின் தொப்பிக்கடையில் உட்கார்ந்து தொப்பி தைக்கிறாள். ஒரு நாள் ஒரு சூனியக்காரி கடைக்குள் வந்து அவளைத் தொண்ணூறு வயதுக் கிழவியாக்கிவிட்டுப் போகிறாள், அந்தச் சாபத்தை யாரிடமும் சொல்லவும் முடியாது. வீட்டை விட்டுக் கிளம்புகிற கிழவி சோபி, இளம் பெண்களின் இதயத்தைத் தின்கிறவன் என்று ஊரே பயப்படுகிற ஹௌல் என்ற மந்திரவாதியின் நடமாடும் கோட்டைக்குள் புகுந்து, தன்னையே வேலைக்காரியாக நியமித்துக்கொள்கிறாள். அங்கே அடுப்பில் எரிவது சாதாரண நெருப்பு இல்லை, கால்சிஃபர் என்ற நெருப்புப் பூதம். ஹௌலோடு நான் போட்ட ஒப்பந்தத்தை நீ உடைத்துக் கொடு, உன் சாபத்தை நான் எடுக்கிறேன் என்று அது பேரம் பேசுகிறது.

இதில் எனக்கென்ன கோபம் என்று புரிய, என்னைப் பற்றி இரண்டு வரி சொல்லியாக வேண்டும். நான் மூன்று பெண்களில் மூத்தவள். லாங்கு பஜார் பக்கத்துச் சந்து ஒன்றில் அப்பா வைத்திருந்த மேட்சிங் பிளவுஸ் கடையை இப்போது நான்தான் பார்க்கிறேன், சேலைக்கு ஃபால்ஸ் அடிப்பது, ஓரம் தைப்பது, லைனிங் துணி கிழித்துக் கொடுப்பது. தங்கைகள் இரண்டு பேரும் படித்து, கட்டிக்கொண்டு போய்விட்டார்கள், நானும் பி.ஏ. இங்கிலீஷ் படித்தேன், படித்துவிட்டுக் கல்லாவில் உட்கார்ந்தேன். வருத்தமாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

நாவலின் முதல் வாக்கியமே இதுதான்: ஒரே எட்டில் ஏழு காதம் தாண்டுகிற பூட்ஸும் மாயப் போர்வையும் நிஜமாகவே இருக்கிற இங்கரி என்ற நாட்டில், மூன்று பேரில் மூத்ததாகப் பிறப்பது பெரிய துரதிர்ஷ்டம். கதைகளில் ஜெயிப்பது எப்போதும் கடைக்குட்டிதானே. ஏழு அண்ணன் தம்பி கதை கேட்டு வளர்ந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சோபி அந்த விதியை மனதார நம்புகிறாள். நம்பிவிட்டதால் கடையில் உட்கார்ந்துகொள்கிறாள், மாற்றாந்தாய் ஃபேன்னி சம்பளம் கூடக் கொடுக்கவில்லை என்பதையே தங்கை மார்த்தா எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. தங்கைகள் லெட்டி, மார்த்தா இருவரும் அப்படி இல்லை, பேக்கரிக்குப் போகச் சொன்னவளும் மந்திரம் படிக்கப் போகச் சொன்னவளும் ஒரு மந்திரத்தால் முகத்தை மாற்றிக்கொண்டு இடம் மாறிப் போய்விடுகிறார்கள், சாமர்த்தியக்காரிகள். படத்தில் மார்த்தா கிடையவே கிடையாது. லெட்டி ஒரே ஒரு காட்சியில் வந்து, உனக்கு நிஜமாகவே தொப்பி தைக்கத்தான் ஆசையா என்று கேட்கிறாள், நான் மூத்தவள் இல்லையா என்கிற மாதிரி சோபி ஏதோ சொல்கிறாள், அவ்வளவுதான். நாவலில் முதுகெலும்பாக இருந்தது படத்தில் ஒரு வசனமாகச் சுருங்கிவிட்டது.

சரி, அதையாவது விட்டுவிடலாம், இரண்டு மணி நேரப் படத்தில் எத்தனை தங்கைகளைத்தான் காட்டுவது. விட முடியாதது வேறு ஒன்று.

நாவலில் 21 அத்தியாயங்கள். ஒவ்வொன்றின் தலைப்பும் நம் பழைய காவியங்களில் வருகிற படலம் மாதிரி, இன்னது நடக்கும் படலம் என்று நீளமாக இருக்கும். முதல் அத்தியாயம் 'சோபி தொப்பிகளோடு பேசும் படலம்'. வேறு பேச ஆள் இல்லாததால் அவள் தைக்கிற தொப்பிகளோடு பேசுகிறாள். பார்க்கச் சுமாரான ஒரு தொப்பியைப் பார்த்துப் பரிதாபப்பட்டு, உனக்குத் தங்கமான மனசு, பெரிய இடத்தில் இருக்கிற ஒருத்தர் அதைக் கண்டுபிடிப்பார் பார் என்கிறாள். அதை வாங்கிப்போனவள் ஒரு பிரபுவோடு ஊரை விட்டே போய்விடுகிறாள். சோபி வாயால் சொன்னது பலிக்கிறது. அவளுக்கே தெரியாமல் அவள் ஒரு மந்திரக்காரி, அவள் மந்திரம் முழுக்க அவள் வாயில் இருக்கிறது. வழியில் ஒரு சோளக்கொல்லைப் பொம்மையை நிமிர்த்தி வைத்து இரண்டு வார்த்தை பேசுகிறாள், அது உயிர் பெற்று விரட்டிக்கொண்டு வருகிறது. கைத்தடியோடு பேசுகிறாள், அது மந்திரக்கோலாகிறது. கடையில் ஃபால்ஸ் அடிக்கும்போது நானும் சேலையோடு பேசுகிறவள்தான், ஆரணிப் பட்டு என்றால் கொஞ்சம் மரியாதையாக, சிந்தெடிக் என்றால் திட்டிக்கொண்டே. அதனால் இந்த அத்தியாயத்தை நான் மூன்று முறை படித்தேன், அதில் ஒரு முறை கடையில் வைத்து, கஸ்டமர் நிற்பது கூடத் தெரியாமல்.

இப்போது சூனியக்காரி ஏன் கடைக்கு வந்தாள் என்று பாருங்கள். நாவலில் அவள் வருவது போட்டிக்கு. உன்னைப் பற்றிக் கேள்விப்பட்டேன், எனக்கு எதிராக நீ கடை போடுகிறாயா, அதை நிறுத்தத்தான் வந்தேன் என்கிற தோரணை. அதாவது சோபியின் தொப்பிகளில் இருக்கிற சக்தி ஊரெல்லாம் பரவி, ஒரு பெரிய சூனியக்காரிக்கே வயிற்றெரிச்சலைக் கிளப்பியிருக்கிறது, சோபிக்கு மட்டும்தான் அது தெரியாது. படத்தில்? ஹௌல் என்ற அழகன் தெருவில் சோபியின் கையைப் பிடித்து நடந்தான், அதைக் கண்டு சூனியக்காரிக்குப் பொறாமை. ஒரு பெண்ணின் கைவேலையைப் பார்த்து வந்த பொறாமை, ஒரு ஆண் அவள் கையைப் பிடித்ததால் வந்த பொறாமையாக மாறிவிட்டது. இந்த ஒரு மாற்றத்தை மட்டும் நான் மியாசாகிக்கு மன்னிக்க மாட்டேன், அவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும்.

இதற்கு ஜோடியாக இன்னொரு இடம் இருக்கிறது. நாவலில் ஹௌலின் பழைய ஆசிரியை திருமதி பென்ஸ்டெமன், வயதான பெரிய மனுஷி, சோபியைப் பார்த்ததுமே கண்டுபிடித்துவிடுகிறார்: உனக்குப் பொருள்களுக்கு உயிர் கொடுக்கிற வரம் இருக்கிறது, நீயும் மந்திரக்காரிதான் என்று. படத்தில் அந்த ஆசிரியையையும் நாவலின் ஆண் மந்திரவாதி சுலிமனையும் ஒன்றாகக் கலந்து, அரண்மனையில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற மேடம் சுலிமன் ஆக்கியிருக்கிறார்கள். அந்த அம்மாளும் சோபியைப் பார்த்ததும் ஒன்றைக் கண்டுபிடிக்கிறார். என்ன? நீ ஹௌலைக் காதலிக்கிறாய் என்று. அதே நாற்காலி, அதே ஆசிரியை, அங்கே கண்ணில் பட்டது திறமை, இங்கே கண்ணில் பட்டது காதல்.

இதை நான் தங்கை மகளிடம் சொன்னேன். "லவ் இருந்தா இன்னா தப்பு?" என்றாள். தப்பு ஒன்றும் இல்லை, நாவலிலும் கடைசியில் இரண்டு பேரும் சேரத்தான் செய்கிறார்கள், ஆனால் நாவலில் கடைசிப் பக்கம் வரைக்கும் இரண்டு பேரும் சண்டைதான் போடுகிறார்கள், அந்தச் சண்டைதான் காதல் என்று நமக்கே மெதுவாகத்தான் உறைக்கிறது.

படத்தை இவ்வளவு திட்டிவிட்டேன், அது எங்கே ஜெயிக்கிறது என்பதையும் சொல்லாவிட்டால் பாவம். முதுமை. கிழவியாவது எப்படி இருக்கும் என்பதில் நாவல் ஓரளவுக்குத்தான் போகிறது, மூட்டு வலிக்கிறது, மூச்சு வாங்குகிறது, பயம் குறைந்துவிட்டது என்று எழுத்தில் சொல்கிறது. படத்தில் சோபி முதல் தடவை படுக்கையிலிருந்து எழுகிற விதத்தைப் பாருங்கள், இடுப்பைப் பிடித்து, மெத்தையில் கையூன்றி, ஒரு நொடி நின்று, அப்புறம்தான் கால் நகர்கிறது. என் அம்மா காலையில் எழுவது அப்படித்தான். ஜப்பானிய மொழியில் பதினெட்டு வயது சோபிக்கும் தொண்ணூறு வயது சோபிக்கும் ஒரே ஆள்தான் குரல், சியேகோ பாய்ஷோ என்ற நடிகை, அப்போது அவருக்கே அறுபதுக்கு மேல். ஆங்கில டப்பிங்கில் இளமைக்கு ஒருவர், முதுமைக்கு ஜீன் சிம்மன்ஸ் என்று இரண்டு பேர், அதுவும் நன்றாகத்தான் இருக்கிறது, கால்சிஃபருக்கு பில்லி கிரிஸ்டல் பேசுவது ஆங்கிலத்தில் இன்னும் வேடிக்கை. ஆனாலும் ஒரே தொண்டையிலிருந்து இரண்டு வயசும் வருவதைக் கேட்க வேண்டும் என்றால் ஜப்பானிய மொழியில், சப்டைட்டிலோடு பாருங்கள்.

அப்புறம் அந்தப் படிக்கட்டு. அரண்மனை வாசலில் சூனியக்காரியின் மந்திரம் பலிக்காமல், அவளைத் தூக்கி வந்த பல்லக்கும் போய், பெரிய உடம்பை வைத்துக்கொண்டு அவள் படியேறுகிறாள். பக்கத்திலேயே சோபி, கையில் மூச்சிரைக்கிற ஒரு நாயைத் தூக்கிக்கொண்டு. சாபம் கொடுத்தவளும் சாபம் வாங்கியவளும் இரண்டு கிழவிகளாக, ஒருத்தியை ஒருத்தி ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே, வேர்த்து விறுவிறுத்து. வசனம் ரொம்பக் குறைவு, அவசரமே இல்லை, படம் அங்கே நிதானமாக உட்கார்ந்துவிடுகிறது. சோளிங்கர் பெரிய மலையை ரோப் கார் வருவதற்கு முன்னால் ஏறியவர்களுக்கு இந்தக் காட்சி அடிவயிற்றில் புரியும். ஆயிரத்து முன்னூறு படிக்கு மேல், பாதியில் யாரென்றே தெரியாத ஒரு ஆயா நம் பக்கத்தில் உட்கார்ந்து "இன்னும் எத்தினி படி கீது கண்ணு" என்று கேட்பாள், நாமும் தெரியாமல் "கொஞ்சம்தான் ஆயா" என்போம். நாவலில் இப்படி ஒரு காட்சியே இல்லை, இது முழுக்க படத்தின் சொத்து.

கோட்டையும் அப்படித்தான். நாவலில் வருவது உயரமான கறுப்புக் கோட்டை, நிலக்கரிக் கட்டிகளை அடுக்கிய மாதிரி, நான்கு கோபுரங்களோடு மேட்டு நிலத்தில் வழுக்கிக்கொண்டு போகும். உள்ளே போனால் ஏமாற்று வேலை, அந்த வீடு உண்மையில் போர்ட்ஹேவன் என்ற துறைமுக ஊரில் இருக்கிற ஒரு சின்ன வீடுதான். மியாசாகி அதை எடுத்துக்கொண்டு, பழைய இரும்புக்கடையையே எழுப்பி நடக்க விட்ட மாதிரி ஒன்றைச் செய்துவிட்டார், கோழிக்கால், புகைக்கூண்டு, வாய் மாதிரி ஒரு முன்பக்கம், எல்லாம் கிறீச் கிறீச் என்று மூச்சு விட்டுக்கொண்டு. முதல் தடவை அது மூடுபனிக்குள்ளிருந்து வரும்போது நான் வாய்விட்டு "அம்மாடி" என்றேன். வேலூரைப் பற்றி ஒரு பழைய கேலி உண்டு, தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில் என்று அடுக்கிக்கொண்டே போவார்கள். கோட்டைக் கோயிலுக்கு ஜலகண்டேஸ்வரர் 1981ல் திரும்ப வந்துவிட்டதால் கடைசியது இப்போது செல்லாது. அகழிக்குள் அசையாமல் உட்கார்ந்திருக்கிற ராஜா இல்லாத கோட்டையைத் தினம் தாண்டிப் போகிற எனக்கு, அரசனே கூப்பிட்டும் போகாமல் ஒளிந்து திரிகிறவனின் கோட்டை நடப்பதைப் பார்க்க ஒரு தனிச் சந்தோஷம். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், தொப்பி சும்மா விஷயம் என்று வேலூர்க்காரர்களிடம் சொல்லாதீர்கள். 1806 ஜூலையில் இந்தக் கோட்டைக்குள் சிப்பாய்கள் எழுந்ததற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று, தோல் குஞ்சம் வைத்த புதுத் தலைப்பாகை.

கோட்டைக் கதவில் ஒரு குமிழ், அதைத் திருப்பினால் ஒரே கதவு நான்கு ஊர்களுக்குத் திறக்கும். இது இரண்டிலும் உண்டு. ஆனால் குமிழைக் கறுப்புப் பக்கம் திருப்பினால் எங்கே போகும் என்பதில்தான் இரண்டு பேரும் பிரிகிறார்கள்.

படத்தில் கறுப்புக் கதவு இருட்டுக்குள், போருக்குள் திறக்கிறது. ஹௌல் பெரிய பறவையாகி அதற்குள் பறந்து போய், குண்டு போடுகிற கப்பல்களோடு மோதிவிட்டு விடியலில் ரத்தத்தோடு திரும்புகிறான். நாவலில் போர் வரும் போலிருக்கிறது என்கிற பேச்சு ஓரத்தில் இருக்கிறதே தவிரப் போர் இல்லை, ராஜாவுக்கு வேண்டியதெல்லாம் காணாமல் போன தம்பியையும் மந்திரவாதி சுலிமனையும் கண்டுபிடித்துக் கொடுப்பதுதான். 2003ல் ஈராக் மீது நடந்த போர் மியாசாகியை ரொம்பவே பாதித்தது, அந்தக் கோபம் படத்தில் இறங்கியிருக்கிறது. எரிகிற ஊர்களை அவர் வரைந்திருக்கிற விதம் வயிற்றைக் கலக்குகிறது, நேர்மையான கோபம். ஆனால் யார் யாரோடு எதற்குச் சண்டை போடுகிறார்கள் என்று கடைசி வரைக்கும் எனக்குப் புரியவில்லை, முடிவில் மேடம் சுலிமன், சரி இந்த முட்டாள்தனத்தை முடித்துக்கொள்வோம் என்கிற மாதிரி சொன்னதும் போர் நின்றுவிடுகிறது. அவ்வளவு சுலபமாக நிறுத்த முடியும் என்றால் ஏன் அம்மா இவ்வளவு நேரம்?

நாவலில் கறுப்புக் கதவு திறப்பது வேல்ஸில். ஆமாம், நம் உலகத்தில் இருக்கிற, இங்கிலாந்துக்குப் பக்கத்து வேல்ஸ். அங்கே ஹௌலின் பெயர் ஹௌவல் ஜென்கின்ஸ், மந்திரத்தைப் பற்றி ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் வாங்கியவன், ரக்பி ஆடியவன், அக்கா மேகனிடம் "படித்துவிட்டு உருப்படியாக ஒரு வேலைக்குப் போகக் கூடாதா" என்கிற ரீதியில் வாங்கிக் கட்டிக்கொள்கிறவன். அக்கா பையன் கம்ப்யூட்டர் கேமிலிருந்து தலையைத் தூக்குவதில்லை. சோபி காரைப் பார்த்து மிரள்கிறாள். இந்த அத்தியாயத்தில் நான் சிரித்த சிரிப்பில் வீட்டுக்காரர் என்ன என்று வந்து கேட்டுவிட்டுப் போனார். ஊரையே நடுங்க வைக்கிற மந்திரவாதி, அக்கா வீட்டில் போய் நின்றால் வெறும் தம்பிதான்.

அதோடு, சூனியக்காரி ஹௌலுக்குக் கொடுத்த சாபம் ஒரு கவிதையில் இருக்கிறது, ஜான் டன் எழுதியது, விழுகிற நட்சத்திரத்தைப் போய்ப் பிடி என்று தொடங்குவது. அக்கா பையனின் வீட்டுப்பாடத் தாள் தவறுதலாக இங்கரிக்கு வந்து, ஹௌலின் சீடன் மைக்கேல் அதை மந்திரம் என்று நினைத்துக்கொண்டு, சோபியோடு ஏழு காத பூட்ஸ் மாட்டிப் போய் நிஜமாகவே ஒரு நட்சத்திரத்தைப் பிடிக்கப் பார்க்கிறான். கவிதையில் நடக்கவே நடக்காது என்று அடுக்கியிருக்கிற ஒவ்வொன்றும் நாவலில் ஒன்றன்பின் ஒன்றாக நடந்துவிடுகிறது. பி.ஏ.யில் ஜான் டன்னை நோட்ஸ் வைத்து மனப்பாடம் செய்து பரீட்சையில் வாந்தியெடுத்த நான், இருபது வருஷம் கழித்து ஒரு சிறுவர் நாவலில்தான் அந்தக் கவிதையைப் படித்தேன் என்று சொல்ல வேண்டும். படத்தில் வேல்ஸும் இல்லை, டன்னும் இல்லை. மைக்கேல் பதினைந்து வயதுப் பையன், சோபியின் தங்கையைக் காதலிக்கிறவன், அவனும் மார்க்கிள் என்ற சின்னப் பயலாகி, ஒட்டுத் தாடி வைத்துக்கொண்டு வருகிறான். அந்தத் தாடிக்காக அவனை மன்னித்துவிட்டேன்.

ஹௌலைப் பற்றி ஒரு வார்த்தை. படத்து ஹௌல் அழகு, சோகம், தியாகம். தங்கை மகளின் போனில் வால்பேப்பரே அவன்தான். சோபியின் கையைப் பிடித்து வானத்தில் நடக்க வைக்கிற காட்சி, ஜோ ஹிசாய்ஷியின் அந்த மூன்று தட்டு இசை, அதைப் பற்றி எழுத எனக்கு வார்த்தை போதாது, நாவலில் அந்தச் சந்திப்பு தெருவில் ஒரு சில வரிதான், சோபி எலி மாதிரி பயந்து ஓடுகிறாள். ஆனால் நாவல் ஹௌல் ஒரு நழுவல் பேர்வழி. எந்த வேலையிலிருந்தும் பாம்பு மாதிரி நழுவுவான், தினம் இரண்டு மணி நேரம் குளியலறையை அடைத்துக்கொள்வான், ஊரில் இருக்கிற பெண்களுக்கெல்லாம் வலை வீசி, அவர்கள் காதலித்ததும் விட்டுவிடுவான், ராஜா முன்னால் தன்னைப் பற்றிக் கெட்ட பெயர் சொல்லிவிட்டு வரச் சோபியையே அனுப்புவான். அவன் தைரியமாக இருப்பதற்கு ஒரே வழி, செய்யப்போவது தைரியமான காரியம் என்பதைத் தன்னிடமே மறைத்துக்கொள்வது. சோபி குளியலறையைச் சுத்தம் செய்கிறேன் என்று பாட்டில்களை மாற்றி வைத்துத் தலைமுடி நிறம் கெட்டுப்போகிற காட்சி இரண்டிலும் உண்டு, பச்சைச் சளி வழிய உட்கார்ந்து ஒப்பாரி வைப்பதும் உண்டு. படத்தில் அது அழகில்லாவிட்டால் வாழ்ந்து என்ன பயன் என்கிற சோகமாகிவிடுகிறது, நாவலில் அது சுத்தமான அடம். எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை காலை ஹேர் டை போட்டுக்கொண்டு பாத்ரூமில் பூட்டிக்கொள்கிற ஒருவர் இருக்கிறார், தண்ணீர் நின்றுவிட்டால் அவர் போடுகிற சத்தத்தைத் தெருவே கேட்கும். அதனால் நாவல் ஹௌலை எனக்கு நன்றாகவே தெரியும்.

சாபம் எப்படி வேலை செய்கிறது என்பதும் வேறு வேறு. படத்தில் சோபியின் வயது ஏறி இறங்குகிறது. தூங்கும்போது சின்னப் பெண், மனசு திறந்து பேசும்போது சின்னப் பெண், நான் அழகில்லையே என்று சொன்ன அடுத்த நொடி முகம் சுருங்கிக் கிழவி. படமாகப் பார்க்க அருமை. நாவலில் அவள் கடைசி வரை கிழவிதான். ஹௌல் அந்தச் சாபத்தை முதலிலேயே கண்டுபிடித்து, அவளுக்குத் தெரியாமல் பல தடவை எடுக்கப் பார்த்து முடியாமல், இவளுக்கு இந்த வேஷம் பிடித்திருக்கிறது போல என்று விட்டுவிடுகிறான். வாயால் சொன்னதெல்லாம் பலிக்கிற பெண், தான் ஒரு கிழவி என்று தனக்கே சொல்லிக்கொண்டிருந்தால் சாபம் எப்படிப் போகும்? ஔவையார் கல்யாணத்துக்குப் பயந்து பிள்ளையாரிடம் முதுமையைக் கேட்டு வாங்கினாள் என்கிற கதை நமக்குச் சின்ன வயசிலிருந்தே தெரியும். கேட்டு வாங்கிய அப்புறம் அவளுக்கு ராஜா முன்னால் பயம் இல்லை, தனி வழி பயம் இல்லை, வாயில் வந்ததைப் பேசினாள். நாவல் சோபி அந்த ஜாதி. வெள்ளைக்காரக் குழந்தைகளுக்கு இது புதுசாக இருக்கலாம், நமக்குக் கோயில் கதை.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். கடைசியில் சோபி கால்சிஃபரிடம் நீ ஆயிரம் வருஷம் வாழ வேண்டும் என்று சொல்லித்தான், அந்த ஒப்பந்தத்தில் அதனிடம் போய்விட்ட ஹௌலின் இதயத்தைத் திரும்ப வைக்கிறாள், இது நாவலிலும் உண்டு, படத்திலும் உண்டு. ஆனால் நாவலில் அவள் வாயின் சக்தியை முன்னூறு பக்கமாகப் பார்த்து வந்திருக்கிறோம், அந்த வார்த்தை ஒரு மந்திரம். படத்தில் அது வெறும் பிரார்த்தனை, பலித்துவிடுகிறது, ஏன் என்று கேட்கக் கூடாது. முத்தம் கொடுத்ததும் சோளக்கொல்லைப் பொம்மை இளவரசனாவதும் அப்படித்தான்.

நாவலில் குறையே இல்லை என்று நினைக்காதீர்கள். கடைசி மூன்று அத்தியாயங்களில் யார் யார் வேஷத்தில் இருக்கிறார், நாயாக வந்தவன் உடம்பு யாருடையது, தலை யாருடையது என்று நான் ஒரு பில் புக் பின்பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டு படித்தேன். சூனியக்காரி இரண்டு ஆண்களின் துண்டுகளை ஒட்டி, ஹௌலின் தலையை வைத்து ஒரு முழு ஆளைச் செய்யப் பார்க்கிறாள், எல்லாம் சரிதான், கொஞ்சம் மெதுவாகச் சொல்லியிருக்கலாம். சூனியக்காரியின் முடிவு விஷயத்தில் எனக்குப் படம்தான் பிடித்தது. நாவலில் அவளை ஒழித்துக்கட்டுகிறார்கள். படத்தில் சக்தியெல்லாம் போன கிழவியை அடுப்புப் பக்கத்தில் உட்கார வைத்து, சோபி கஞ்சி ஊட்டிப் பார்த்துக்கொள்கிறாள்.

வாங்குகிறவர்களுக்கு: நான் ஆன்லைனில் ஆர்டர் போட்டதற்கு முதலில் வந்தது இதன் அடுத்த பாகம், 1990ல் வந்த 'காஸில் இன் தி ஏர்'. திருப்பி அனுப்பி, சரியானது வந்து சேர ஒன்பது நாள். மூன்றாவது பாகம் 2008ல் வந்தது, அதனால் அட்டையை நன்றாகப் பார்த்து வாங்குங்கள். எனக்கு வந்த பிரதியில் எழுத்து பொடி, கண்ணாடி போட்டும் நெற்றியைச் சுருக்க வேண்டியிருந்தது. ஆங்கிலம் கஷ்டமில்லை, பத்தாம் வகுப்புப் பிள்ளை படிக்கும், ஆனால் கிண்டல் நிறைய, அது பிடிபட நாற்பது பக்கம் ஆகும். முதல் பக்கத்துக்கு முன்னால் இருக்கிற நன்றியைத் தவறவிடாதீர்கள். ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போனபோது ஒரு பையன்தான் நடமாடும் கோட்டையைப் பற்றி எழுதச் சொன்னானாம், அவன் பெயரை எழுதிப் பத்திரமாக வைத்தாராம், அவ்வளவு பத்திரமாக வைத்ததால் இன்று வரை கிடைக்கவில்லையாம்.

எதை முதலில் என்றால், நாவலை. படத்தை முதலில் பார்த்தால் அந்த முகங்கள் மனசில் ஒட்டிக்கொள்ளும், நாவலின் ஹௌல் எவ்வளவு கத்தினாலும் உங்களுக்கு அந்த வால்பேப்பர்தான் தெரியும். எனக்கு அதுதான் நடந்தது, கழற்ற இரண்டாம் தடவை படிக்க வேண்டியிருந்தது. ஆறு ஏழு வயதுப் பிள்ளைகளோடு படம் பார்க்கிறவர்கள் கறுப்புக் கதவுக் காட்சிகளில் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளுங்கள்.

என் பிரதி இப்போது என்னிடம் இல்லை. தங்கை மகள் சென்னை ஹாஸ்டலுக்குப் போகும்போது பையில் போட்டுக்கொண்டு போய்விட்டாள், போன வாரம் ராத்திரி பதினொரு மணிக்கு மெசேஜ் வந்தது, ஆறாவது அத்தியாயத்தின் தலைப்பைப் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தாள், 'ஹௌல் தன் உணர்ச்சிகளைப் பச்சைச் சளியால் வெளிப்படுத்தும் படலம்'. கீழே ஒரே வரி: "பெரியம்மா, இவன் அப்படியே நம்ம பெரியப்பா."